மணிக்கூலி மட்டும் கணக்கல்ல

ஏஐ-க்குக் கற்றுக்கொடுக்கப் படங்களுக்கும் எழுத்துகளுக்கும் ஆட்கள் உட்கார்ந்து அடையாளம் குறிக்கிறார்கள். அந்த வேலைக்குக் கென்யாவின் நைரோபியில் மணிக்கு 2 டாலர் மோசமில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 2023 ஜனவரியில் டைம் இதழ் போட்ட கணக்கைப் பாருங்கள்: சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, இந்த வேலையை ஆள் வைத்துச் செய்துகொடுத்த சாமா நிறுவனத்துக்குத் தர ஒப்புக்கொண்டது மணிக்கு 12.50 டாலர். வேலை செய்தவர் கைக்கு வந்தது சுமார் 1.32 முதல் 2 டாலர். அதுவாவது சம்பளம். முடித்த எண்ணிக்கைக்கு மட்டும் காசு தரும் துண்டு வேலை இன்னும் மோசம். உதாரணத்துக்கு, சாலைப் படத்தில் ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் பெட்டி வரைய வேண்டும். லாரிக்குப் பின்னால் பாதி மறைந்த பைக்குக்குத் தெரிகிற பகுதி மட்டும் போதுமா, மறைந்ததையும் ஊகித்து வரையணுமா? விதி நடுவில் மாறும். பழைய விதிப்படி முடித்த தொகுப்பு முழுசாகத் திரும்பி வரும், திருத்துகிற நேரத்துக்குக் காசு கிடையாது. வழிகாட்டி படிப்பது, தகுதித் தேர்வு எழுதுவது, அடுத்த வேலைக்குத் திரையைப் பார்த்துக் காத்திருப்பது எல்லாம் பெரும்பாலும் இலவசம்தான். 2024 மார்ச்சில் இப்படித் துண்டு வேலை தரும் ரிமோடாஸ்க்ஸ் என்ற இணையதளம் கென்யாவில் சட்டென்று கடையைக் கட்டியது. அங்கே வேலை பார்த்தவர்கள் காகிதத்தில் ஊழியர்களே அல்ல, நோட்டீஸ் காலம் எங்கிருந்து வரும்?