அந்த நாற்பது மில்லியன் எங்கிருந்து வந்தது?

ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 40 மில்லியன் பவுண்டில் முடியவேண்டிய வேலை 414 மில்லியனில் போய் நின்ற கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். பத்து மடங்கு என்றதும் கட்டடக் கலைஞர்மீது கோபம் வருவது இயல்புதான். ஆனால் 1997 ஜூலையில் வந்த வெள்ளை அறிக்கை 10 முதல் 40 மில்லியன் வரை ஆகும் என்று சொன்னபோது, எடின்பரோவில் எந்த இடத்தில் கட்டுவது என்பதே முடிவாகியிருக்கவில்லை. எடின்பரோவின் ஹோலிரூட் பகுதியிலுள்ள மனை 1998 ஜனவரியில்தான் தேர்வானது; ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் என்ரிக் மிராயேஸ் அதே ஆண்டு ஜூலையில்தான் தேர்வானார். மனையும் வரைபடமும் இல்லாமல் சொன்ன தொகையை மதிப்பீடு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதன்பிறகு 1999 ஜூனில் 109 மில்லியன் என்றார்கள், 2000 ஏப்ரலில் 195 மில்லியனுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு விதித்தார்கள், அதுவும் நிற்கவில்லை. இதற்கிடையே கட்டடத்தின் பொறுப்பு அரசிடமிருந்து புதிய நாடாளுமன்றத்தின் கைக்கு மாறியது. பேரவை மண்டபத்தின் அமைப்பில் திருத்தம் கேட்டார்கள், ஊழியர்களுக்குக் கூடுதல் இடம் கேட்டார்கள், மொத்தப் பரப்பு 30,000 சதுர மீட்டரைத் தாண்டியது. வெடிகுண்டுத் தாக்குதலைத் தாங்கும் ஏற்பாடுகளும் சேர்ந்துகொண்டன. இவற்றில் எதையும் வீண் என்று சொல்லமாட்டேன். கேட்ட நேரம்தான் தவறு. லிண்டல் மட்டம் வந்தபிறகு சமையலறையை இடம் மாற்றச் சொல்லும் வீட்டுக்காரரிடம் மேஸ்திரி முதலில் பேசுவது கூலியைப் பற்றித்தான்.

இதைவிடப் பெரிய பிழை ஒப்பந்த முறையில் இருந்தது. வழக்கமான முறையில் வரைபடங்கள் முழுமையான பிறகு ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். ஒரே ஒப்பந்தக்காரர் மொத்த வேலைக்கும் விலை சொல்லி, நட்டத்தின் பெரும்பங்கைத் தானே சுமப்பார். ஹோலிரூட்டிலோ, வரைபடம் தயாராகத் தயாராக வேலையைப் பல தொகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி நிறுவனத்திடம் கொடுத்தார்கள். வேலையைச் சீக்கிரம் தொடங்கலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் கடைசித் தொகுப்பு கையெழுத்தாகும்வரை மொத்த விலை யாருக்கும் தெரியாது. ஒரு தொகுப்பின் வரைபடம் தாமதமானால், அதற்காகக் காத்திருக்கும் அடுத்தடுத்த நிறுவனங்களெல்லாம் இழப்பீடு கேட்கும்; அந்தச் சுமை முழுவதும் கட்டுவிப்பவர் தலையில்தான் விழும். வடிவம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பொருந்தாத முறை இருக்க முடியாது என்பேன். இந்தக் கட்டடத்தின் செலவை விசாரித்த ஃபிரேசர் பிரபு 2004 செப்டம்பரில் தம் அறிக்கையில் கடுமையாகக் குறைகூறியதும் இந்த முடிவைத்தான். அதை எடுத்த அதிகாரிகள் அதிலுள்ள அபாயத்தை அமைச்சர்களிடம் உரியபடி எடுத்துச்சொல்லவில்லை என்றும் அவர் கண்டார்.

மிராயேஸ் குற்றமே செய்யாதவர் என்று நான் வாதாடவில்லை. அவர் அலுவலகம் இருந்த பார்சிலோனாவுக்கும் எடின்பரோவுக்கும் இடையே வரைபடங்கள் தாமதமானதும் செலவில் சேர்ந்தது. ஆனால் 2000 ஜூலையில், 45 வயதில், அவர் இறந்துவிட்டார். கட்டடத்தை முன்னின்று தொடங்கிய முதலமைச்சர் டொனால்ட் டியூவரும் அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். 2004 அக்டோபர் 9 அன்று கட்டடம் திறக்கப்பட்டபோதும், மறு ஆண்டு அதற்குக் கட்டடக் கலைக்கான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தபோதும் இருவரும் இல்லை; விசாரணையில் தம் தரப்பைச் சொல்லவும் இல்லை.