கப்பலில் ஏறினால் இறங்க ஓர் ஊர் வேண்டும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பலில் போகலாமா என்று இந்த மாதம் மட்டும் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த ஊரிலும் கரை இறக்காத கப்பலுக்குப் பணம் கட்டாதீர்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா 32 ஆண்டுகள் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கிரேன்கள் தெரியும். எத்தனையோ கப்பல்களுக்குள் ஏறி இறங்கியவர், ஒன்றில்கூடப் பயணம் செய்ததில்லை. 2022 ஜூனில் இங்கிருந்து சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியது. முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்த செய்தியைப் பார்த்ததும், அவரை அழைத்துப் போயே தீர்வது என்று முடிவு செய்தேன்.

அவசரத்தில் இரண்டு இரவுப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தேன். ஆழ்கடல் வரை போய்த் திரும்பிவிடும். துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் தனி என்பதை முகவர் கடைசியில்தான் சொன்னார். நீங்கள் முதலிலேயே மொத்தத் தொகையை எழுதி வாங்கிவிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகளைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு இது தெரியும். தாம்பரத்திலிருந்து வருபவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

புறப்படும் நேரம். கரையில் இரண்டு பேர் இரும்புக் கட்டையிலிருந்து வடத்தைக் கழற்றினார்கள். வடம் தண்ணீரில் விழுந்ததும் அப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவிழ்த்தது அவர் கைகள்தான் என்பதைப் போல. கப்பல் வெளியே வந்து திரும்பியபோது ஒரு பக்கம் மெரினாவின் அகன்ற மணல், மறுபக்கம் காசிமேட்டு விசைப்படகுகள், அதற்கு அப்பால் வடக்கே நீளும் கருங்கல் தடுப்பு. துறைமுகச் சுவர் மணலைத் தெற்கே தேக்கிவிட்டதால்தான் நம் பக்கக் கரை அரித்துப்போனது. அந்தக் கணக்கு முழுவதும் கடலிலிருந்து ஒரே பார்வையில் தெரிகிறது.

மறுநாள் மதியம் அப்பா கேட்டார்: "அடுத்து எந்த ஊர் வருகிறது?" எதுவும் வராது, நாளை நம் துறைமுகத்துக்கே திரும்பிவிடுவோம் என்றேன். "அப்படியானால் கப்பலை எதற்கு ஓட்டுகிறார்கள்?" என்றார். அதற்குப் பிறகு அவர் மேல்தளத்துக்கு வரவே இல்லை.

அவர் கேள்வி நியாயமானது. 1926 முதல் 1973 வரை ராஜுலா கப்பல் இங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985-இல் தீப்பிடிக்கும் வரை. நம் தெருவில் கப்பல் என்ற சொல்லுக்கே இன்னோர் ஊர் என்றுதான் பொருள். நீச்சல் குளமும் பாட்டுக் கச்சேரியும் கரையிலேயே கிடைக்கின்றன. முன்பின் தெரியாத ஊரைக் கடல் பக்கமாகச் சென்று அடைவதைக் கப்பல் மட்டும்தான் தரும்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது முதலில் வழித்தடத்தைப் பாருங்கள். நடுவில் நிற்கும் துறைமுகங்களுக்கு அனுமதி உறுதியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். 2022-இல் புதுச்சேரி அரசு கப்பலைத் தன் கரையில் அனுமதிக்கவில்லை. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைப் பயணம் தொடங்கியது. அதுபோன்ற வழித்தடம் அறிவிக்கப்பட்டால் அதற்கே போங்கள், பாஸ்போர்ட் வேண்டும். கையில் பணம் குறைவு என்றால் அந்தமான் கப்பல் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று நாள் பயணம், படுக்கை வகுப்பு, ஆடம்பரம் கிடையாது. ஆனால் ஒரு காலையில் போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) எதிரே வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். வங்கக் கடலில் புயல் காலம். குமட்டல் வரும் உடம்பு என்றால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

அப்பாவுக்கு 71 வயதில் முதல் பாஸ்போர்ட் வந்திருக்கிறது. ரேஷன் அட்டை இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். காங்கேசன்துறையில் இறங்கியதும் கோயில் குளமெல்லாம் பிறகு, முதலில் அந்தத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்களோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்கிறார்.