சென்னையில் காடே இல்லையா?

“காட்டுப் பள்ளியெல்லாம் டென்மார்க்குக்குச் சரி. சென்னையில் காடு ஏது? வெயிலில் அலைந்து பாடமும் போச்சு” என்று ஒருவர் எழுத, பலர் ஆமோதித்திருக்கிறீர்கள். காட்டுப் பள்ளி என்றால், டென்மார்க்கில் நடப்பதுபோல, பிள்ளைகளை அடிக்கடி காட்டுக்கு அழைத்துப்போய் அங்கேயே கற்கவிடும் முறை. கொஞ்சம் பொறுங்கள்.

கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். பெயரில்தான் பூங்கா. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய துண்டு அது. வெளிமானும் புள்ளிமானும் மேய்கின்றன. உட்பகுதிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். பக்கத்துச் சிறுவர் பூங்காவை ஒருநாள் சுற்றிவிட்டு வருவது பிக்னிக், அதைக் காட்டுப் பள்ளியோடு குழப்ப வேண்டாம். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதான் காட்டுப் பள்ளியின் முறை.

அப்புறம் பாடம். அடிமரத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? முசுறு எறும்பு கூடு கட்டுவதைக் காட்டுங்கள். சில எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று தன் கூட்டத்தின் குஞ்சான புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து, இந்த விளிம்பும் அந்த விளிம்புமாகத் தொட்டுத் தொட்டு, புழு விடும் பட்டிழையால் ஒட்டும். இதற்குக் காடுகூட வேண்டாம், பள்ளி வளாகத்து மாமரம் போதும். ரொம்பக் கிட்டே போகாதீர்கள், கடித்துவிடும்.

வெயில் உண்மைதான். ஆனால் மே மாதம் எப்படியும் லீவு. ஜனவரி, பிப்ரவரி காலை வேளைகளில் தாராளமாகப் போகலாம்.