கணக்குப் பாடவேளையில் சதுரங்கப் பலகை

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது பிறந்த உற்சாகத்தில் அன்பர் ஒருவர் எங்கள் பள்ளிக்குப் பத்துப் பலகைகள் வாங்கித் தந்தார். சில வாரங்களிலேயே அவை பீரோவுக்குள் போய்விட்டன. போட்டி அறிவிப்பு வரும்போது மட்டும், ஏற்கெனவே ஆடத் தெரிந்த இரண்டு பிள்ளைகளுக்காக வெளியே எடுப்போம். வகுப்பில் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் அவற்றால் எந்தப் பயனும் இல்லை என்பது கணக்கு ஆசிரியையான என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடவேளைக்கே பலகைகளை எடுத்துச் சென்றேன். ஆட்டம் எதையும் சொல்லித் தரவில்லை. குதிரை ஒரு திசையில் நேராக இரண்டு கட்டமும் அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு கட்டமுமாக நகரும் விதத்தை மட்டும் காட்டிவிட்டு, காலிப் பலகையின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அது எத்தனை கட்டங்களுக்குப் போக முடியும் என்று எண்ணி எழுதச் சொன்னேன். மூலையில் 2, அதை ஒட்டிய கட்டத்தில் 3, நடுவில் 8 என்று எண்கள் நிரம்பிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், கால் பலகையை எண்ணினால் போதும், மீதி மூன்றும் அப்படியேதான் வரும்" என்றாள். கால் பலகையின் கூட்டுத்தொகை 84. நான்கால் பெருக்கினால் 336. சமச்சீர் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

சதுரங்கம் ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று பெற்றோரிடம் சொல்வதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் நூறு பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. பயிற்றுநர்கள் வந்து 30 மணி நேரம் சதுரங்கம் கற்பித்தும், ஓராண்டுக்குப் பின் அந்தப் பிள்ளைகளின் கணக்குத் தேர்ச்சியில் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. 2011இல் ஆர்மீனியா செய்ததுபோல் அதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பலகை தானாக எதையும் கற்பித்துவிடாது. அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் கேட்கும் கேள்விதான் கற்பிக்கிறது. ஆகவே பலகை இருக்க வேண்டிய இடம் வகுப்பாசிரியரின் மேசை.

சிப்பாய்களை மட்டும் அடுக்கி, எதிர்வரிசையை முதலில் தொடுபவர் வென்றார் என்று ஆடவிட்டால், ஒரே பாடவேளையில் எல்லோரும் ஆடி முடித்துவிடலாம். ஆட்டம் முடிந்ததும் எந்த நகர்த்தலில் தோற்றோம் என்பதைத் தோற்றவரே காய்களைப் பின்னோக்கி வைத்து விளக்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் வழக்கம். பொதுவாகத் தவறான விடையை அவசரமாக அழித்துவிடும் பிள்ளைகள், இங்கே தங்கள் தவறைத் தாங்களே தேடிப் பிடித்துப் பக்கத்துப் பெஞ்சுக்காரரிடம் பொறுமையாக விளக்குகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

இந்த வாரம், நேராகவும் பக்கவாட்டிலும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகக்கூடிய யானையின் முறை. காலிப் பலகையில் அதை எங்கே வைத்தாலும் 14 கட்டங்கள்தான் வருகின்றன. குதிரைக்குப் பழகிய பிள்ளைகள் இதை நம்ப மறுத்து மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்து எண்ணிப் பார்த்தார்கள். ஏன் மாறுவதில்லை என்பதற்கான விடையை நாளை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.