முதல் கிட்டாரைப் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் என் இன்பாக்ஸில் ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "சார், பாப்பாவுக்கு கிட்டார் வாங்கணும், இந்த லிங்க்கைப் பார்த்துச் சொல்லுங்க." திறந்து பார்த்தால் பளபளவென்று ஒரு படம். கூடவே பை, பெல்ட், பிக், மாற்றுக் கம்பி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் சொச்சம். நாலு நட்சத்திரம். அதைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்? அந்தப் படத்தில் இருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது கிட்டாரின் கலர் மட்டும்தான்.

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, நினைப்பதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

மின்சாரம் இல்லாமல் வாசிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் புதிதாகக் கற்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது கம்பிக்கும், நெக் என்கிற நீண்ட கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றான ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள உயரம். ஆக்‌ஷன் என்று சொல்வோம். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 12ஆவது ஃப்ரெட்டில் அளந்தால் தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர், அந்த அளவில் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். பெட்டியில் வந்து இறங்கும் மலிவான கிட்டார்களில் நான் 4 மில்லிமீட்டர் வரை பார்த்திருக்கிறேன். ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று பெற்றோருக்குத் தோன்றும். அழுத்திப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளையின் விரல் நுனியைக் கேளுங்கள்.

அதைவிட மோசம் தலைப்பக்கம் இருக்கும் நட் என்ற சின்னப் பட்டை. அதில் கம்பி உட்காரும் பள்ளங்களைப் போதிய ஆழம் வெட்டாமல் விட்டிருந்தால் முதல் ஃப்ரெட்டில் அழுத்துவதே போராட்டம். கார்டு என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது. கற்கிறவர்கள் முதலில் பிடிக்கிற சி கார்டு, ஆளை மிரட்டுகிற எஃப் கார்டு, எல்லாவற்றுக்கும் விரல் வைக்க வேண்டிய இடம் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாலும் கம்பி இழுபட்டு சுருதி கூடிவிடும். பிள்ளை விரலைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கும், ஆனால் வருவது அபஸ்வரம். தப்பு தன்னுடையது என்றுதான் அது நினைத்துக்கொள்ளும்.

இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வருவது நிற்கும். விசாரித்தால் "அவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல சார், இவங்களுக்கெல்லாம் மியூசிக் வராது" என்பார்கள். கிட்டார் பீரோ மேல் ஏறிவிட்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இசை வருமா வராதா என்பது யாருக்குமே தெரியாது. இருபது வருடம் கிட்டார் வாசித்தவர் அந்தக் கருவியோடு உட்கார்ந்தாலும் அரை மணி நேரத்தில் கை வலித்துக் கீழே வைத்துவிடுவார். அதே பிள்ளையிடம் என் கிட்டாரைக் கொடுத்தால் அதே சி கார்டு சுத்தமாக ஒலிக்கும். முகம் மலரும். இதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன். 3,000 ரூபாய் போனால் போகட்டும், "எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை மனதில் பதிவதை எப்படிச் சரிசெய்வது?

"செட்டப் பண்ணிக்கலாமே" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். பண்ணலாம். கம்பியின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் மேலே கம்பியைத் தாங்கும் சாடில் என்ற பட்டையைத் தேய்த்து உயரம் குறைக்கலாம், நட் பள்ளங்களை அதற்கான அரத்தால் ஆழப்படுத்தலாம், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டை முடுக்கி வளைவைச் சரிசெய்யலாம். ஆனால் அடிமட்ட விலைக் கிட்டார் சிலவற்றில் முடுக்குவதற்கு ட்ரஸ் ராடே இருக்காது. இன்னும் சிலவற்றில் நெக்கை உடம்போடு ஒட்டிய கோணமே தப்பாக இருக்கும், சாடிலை முழுவதும் தேய்த்தாலும் கம்பி இறங்காது. அதைச் சரிசெய்ய நெக்கைக் கழற்றி ஒட்ட வேண்டும். கிட்டார் விலையைவிட கூலி அதிகம். அந்த வேலை தெரிந்தவர்களும் சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

கிட்டார் பெட்டிக்குள் சும்மா இருப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். வழக்கமான ஸ்டீல் கம்பி ஒரு செட்டை சுருதி கூட்டினால் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ அளவுக்கு இழுக்கும். அதைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத முகப்பலகையும் அதன் அடியில் ஒட்டிய சில மரச் சட்டங்களும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டாருக்கு நல்லது என்பார்கள். நம் கடலோர ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேதான். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், முகப்பலகை வயிறு தள்ளும், கூடவே கம்பியும் உயரும். மும்பைப் பக்கம் உள்ள பிவாண்டி கிடங்கில் இருந்து கொதிக்கும் லாரியில் வந்த கிட்டார், கிளம்பியபோது இருந்த நிலையிலேயே திருநெல்வேலியில் இறங்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

அடுத்தது மரம். விளம்பரங்களில் மரத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஸ்ப்ரூஸ், மஹாகனி, ரோஸ்வுட். ரோஸ்வுட் என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமும் அந்த இனம்தான். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டில் இருந்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதன் பிறகு வந்த எத்தனையோ புகழ்பெற்ற கிட்டார்களின் முதுகும் விலாவும் நம் நாட்டு மரம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முகப்பலகை ஒரே மரமா, மெல்லிய ஏடுகளை அடுக்கி ஒட்டிய ஒட்டுப்பலகையா? யமஹாவில் எஃப்310 மாடலுக்கு ஒட்டிய ஸ்ப்ரூஸ், எஃப்ஜி800 மாடலுக்கு ஒரே மரமான ஸ்ப்ரூஸ். இரண்டிலும் எழுதியிருக்கும் பெயர் ஸ்ப்ரூஸ்தான்.

ஒட்டுப்பலகை மட்டம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் ஈரத்துக்கு அது நன்றாகவே தாக்குப்பிடிக்கும், கற்கிறவருக்கு அதுவே போதும். ஒரே மரத்தில் செய்தவற்றில்தான் கிட்டாருக்குக் கிட்டார் குரல் மாறும். ஒரே மாடல், ஒரே தொழிற்சாலை, அடுத்தடுத்து மாட்டியிருக்கும் இரண்டை எடுத்து ஒரே கார்டை வாசித்துப் பாருங்கள். ஒன்று அடைத்த மாதிரி இருக்கும், இன்னொன்று அறை முழுக்க நிறையும். இரண்டு பலகையும் வேறு வேறு மரத்தில் இருந்து வந்தவை, அவ்வளவுதான் காரணம். அதனால் 25,000, 30,000 போட்டு இரண்டாவது கிட்டார் வாங்குகிறவர் காதால் கேட்காமல் வாங்கக் கூடாது என்பேன். யூடியூப் வீடியோவைக் கேட்டுவிட்டேன் என்றால், நீங்கள் கேட்டது நல்ல மைக், புதுக் கம்பி, கொஞ்சம் எதிரொலி, தேர்ந்த ஒரு கை. உங்கள் வீட்டுக்கு வரப்போவது அந்த கிட்டாரும் இல்லை.

சரி, மக்கள் ஏன் ஆன்லைனுக்குப் போகிறார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சென்னையில் இருப்பவர் அண்ணா சாலைக்குப் போனால் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் இருக்கிறது. சங்கரன்கோவிலில் இருப்பவர் எங்கே போவார்? எங்கள் பக்கம் கடைக்குப் போனாலும், எடுத்து வாசிக்கக் கேட்டால் "வாங்கப் போறீங்களா, சும்மா பார்க்கிறீங்களா" என்று முகம் சுளிக்கிற கடைகள் உண்டு. துருப்பிடித்த கம்பியோடு, கண்ணாடி வழியாக வெயில் படுகிற இடத்தில் மாட்டிவைத்திருப்பார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை போனால் மதிக்கவே மாட்டார்கள். உட்கார ஒரு ஸ்டூல் போட்டு, கம்பி மாற்றி, சுருதி சேர்த்து, "வாசிச்சுப் பாரு தம்பி" என்று சொல்கிற கடைக்காரருக்கு எந்த ஆப்பும் போட்டியாக முடியாது. அதைச் செய்யாமல் வியாபாரம் போய்விட்டது என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

முன்பு இங்கே ஒரு வழக்கம் இருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் எத்தனையோ பேர் கிட்டாரை முதலில் தொட்டது சர்ச் பாடகர் குழுவில்தான். கிட்டார் வாங்க வேண்டும் என்றால் அங்கே வாசிக்கிற ஓர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அந்த அண்ணன் நாலைந்தை எடுத்து நெக்கை ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்திப் பார்ப்பார், "இது வேண்டாம்ல, அத எடு" என்பார். அந்த ஆளின் காதையும் விரலையும் நாலு நட்சத்திரத்துக்கு விற்றுவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆன்லைனைத் தவிர வழியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இடதுகைக்காரர்கள் முக்கியமாக. அவர்களுக்கான கிட்டாரை நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததே இல்லை. அவர்களுக்கும், கடைக்கு அலைய முடியாதவர்களுக்கும் நான் சொல்வது இது. 3,000 ரூபாய் காம்போவை விட்டுவிட்டு, பெயர் தெரிந்த ஒரு கம்பெனியின் சாதாரண மாடலுக்குக் காசு சேருங்கள். 10,000 ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். அவசரம் என்றால் தெரிந்தவர் வாசித்துப் பார்த்த பழைய கிட்டார் நல்லது. பத்து வயதுக்குக் கீழே என்றால் சின்ன கிட்டார் பாருங்கள். 38 இன்ச், 40 இன்ச் என்று போட்டிருப்பது கருவியின் மொத்த நீளம். நட்டில் இருந்து சாடில் வரை கம்பி எவ்வளவு நீளம் என்பதுதான் பிள்ளையின் கைக்கு முக்கியம். யமஹாவின் சின்ன கிட்டாரான ஜேஆர்1இல் அது 54 சென்டிமீட்டர், முழு அளவு கிட்டாரில் 63, 65 வரும்.

வாங்கும் முன்பே "பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு கிட்டார்தான் தருவார்களா" என்று பாருங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். சுருதி கூட்டி ஒரு நாள் விட்டுவிட்டு, அரை மில்லிமீட்டர் கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேலை 12ஆவது ஃப்ரெட்டில் வைத்து அளங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி மீட்டுங்கள். எங்கேயாவது கம்பி இரைந்தாலோ, அடுத்த ஃப்ரெட்டின் ஸ்வரமே வந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். போனில் ட்யூனர் வைத்து, கம்பியைச் சும்மா மீட்டியபோது சுருதி சரியாக இருந்து 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் விலகுகிறதா என்று பாருங்கள். பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு தாள் நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. அதில் பேச்சே வேண்டாம், உடனே அனுப்பிவிடுங்கள். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. "வாங்கியாச்சு, இனி என்ன" என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள்.

விற்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கம்பி உயரம், நட் அகலம், முகப்பலகை ஒரே மரமா இல்லையா, ட்ரஸ் ராட் உண்டா. இந்த நாலையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். அனுப்பும் முன் ஓர் ஆள் பத்து நிமிடம் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். அதற்கு 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும், விவரம் தெரிந்தால் பெற்றோர் கொடுப்பார்கள்.

பாளையங்கோட்டை, திருநெல்வேலி பக்கம் இருக்கிறவர்கள் கடைக்குப் போவதானால் சொல்லுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் நான் கூட வருகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கத் தெரிந்த என் மாணவர் ஒருவர் வருவார். ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டவர்கள் பெட்டி வந்ததும் கிட்டாரை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், அளந்து பார்த்துச் சொல்கிறேன். காசெல்லாம் வேண்டாம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மட்டும் வந்துவிடுங்கள்.