மாசக் கடைசி மூட்டை

கடலூரில் பிஸ்கட் கம்பெனி சேல்ஸ் வேலை. 28ஆம் தேதி ஆனால் போதும், ஏரியா மேனேஜர் குரலே மாறிவிடும். "இன்னும் 3 லட்சம் பிரைமரி அடிக்கணும்" என்று மணிக்கொரு போன். பிரைமரி என்றால் கம்பெனி ஏஜென்சிக்குப் போடும் பில். அங்கிருந்து கடைக்குப் போவது செகண்டரி. மேனேஜருக்கு இன்சென்டிவ் பிரைமரியில். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சரக்கு நகர்ந்ததா என்று கேட்பதே இல்லை.

2 வாரத்துக்கு வேண்டிய பிஸ்கட் பெட்டி ஏற்கெனவே குடோனில் கிடக்கும். அதன் மேல் இன்னும் 2 வாரச் சரக்கை ஏஜென்சிக்காரர் தலையில் கட்டினால் என்ன ஆகும்? பணம் முடங்கும், செக் திரும்பும், அடுத்த மாதம் 15 வரை ஆர்டரே வராது. அதற்குள் புது டார்கெட், போன மாதத் தொகைக்கு மேல் 10 சதவீதம் கூட்டி! அந்தத் தொகையே பொய் என்பது போட்டவருக்கே தெரியும். தேதி முடியப்போகும் பெட்டியைக் கடைக்காரர் திருப்பும்போது வசவு வாங்குவது கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகும் பையன்தான்.

"பாண்டியில தள்ளிவிடு" என்று மேனேஜர் சொல்வது இன்னொரு கொடுமை. முள்ளோடை தாண்டினால் யூனியன் பிரதேசம்; ஜிஎஸ்டியில் வேறு மாநிலக் கணக்கு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி பில் வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வண்டியில் சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில்லும் வேண்டும். வண்டி பிடிபட்டால் அபராதம் யார் கட்டுவது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலூர்த் தெருவெல்லாம் தண்ணீர். அன்றைக்கும் 40 கடை ஏறி கம்பெனி ஆப்பில் லொகேஷன் காட்டணுமாம். ஷட்டர் மூடிய கடையில் யாரிடம் ஆர்டர் எடுப்பது?