வைரல் லோடு சரி, இதயத்தை யார் பார்ப்பது?

எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது வைரல் லோடை, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற அளவைத்தான். கண்டறிய முடியாத அளவு என்று வந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். அந்த நிம்மதி நியாயமானதுதான். 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்த பிறகு, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்கள் முதுமை வரை வாழ்கிறார்கள். ஆனால் அந்த வயதில் மாரடைப்பு காத்திருக்கலாம் என்பதை அவர்களிடம் பலரும் எடுத்துச் சொல்வதில்லை. என் கோபமே இதுதான்.

மற்றவர்களைவிட இவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஆபத்து கூடுதலாகவே நிற்கிறது. ரத்தத்தில் தென்படாவிட்டாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. தொற்றின் தொடக்கத்திலேயே குடலின் உட்சுவர் அடிபட்டு, கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. எதிர்ப்பு மண்டலம் ஓய்வே இல்லாமல் விழித்திருக்கிறது. நீறு பூத்த நெருப்பாக இந்த அழற்சி ரத்தக்குழாய்ச் சுவரை ஆண்டுக்கணக்கில் கெடுக்கிறது.

இதைப் படித்துவிட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பழைய மருந்துகள் சில கொழுப்பை ஏற்றின. அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவர்களிடம் மாரடைப்பு கூடுதலாகக் காணப்பட்டதும் உண்மை. அதற்கு டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். 2006இல் வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வில், மருந்தை இடையிடையே நிறுத்தி எடுத்தவர்களிடம்தான் மரணமும் இதயக் கோளாறும் அதிகமாக இருந்தன.

நல்ல செய்தியும் உண்டு. 2023இல் ரிப்ரீவ் ஆய்வின் முடிவு வந்தது. 12 நாடுகள், எச்.ஐ.வி.யோடு வாழ்கிற, 40 முதல் 75 வயதுக்குள் 7,769 பேர். வழக்கமான கணக்கின்படி இதய ஆபத்து குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான பிடாவாஸ்டாட்டினை தினமும் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. நாற்பதைத் தாண்டியவர்கள் "எனக்கு ஸ்டாட்டின் தேவைப்படுமா?" என்று வாய்விட்டே கேளுங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். இதய டாக்டர் "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், பலர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். தெரிந்தால் எப்படி நடத்துவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது அவர்கள் அல்ல, நாம். ஆனால் விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள். ரிடோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு, விவரம் தெரியாமல் சிம்வாஸ்டாட்டின் என்ற வேறொரு ஸ்டாட்டினை எழுதிவிட்டால், அது ரத்தத்தில் பல மடங்கு ஏறித் தசையைச் சிதைக்கலாம். சிறுநீரகமும் பழுதாகலாம். இரண்டு மருந்துச் சீட்டுகளையும் ஒரே டாக்டர் பார்த்திருந்தால் இது நடக்கவே நடக்காது.

அதனால் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கிற அதே அறையில் பிரஷரையும் பாருங்கள், கொழுப்பையும் சர்க்கரையையும் சோதித்துவிடுங்கள், புகைக்கிறாரா என்று கேளுங்கள். அவரை இதய டாக்டரிடம் அனுப்பினால், அவருடைய சம்மதத்தோடு மருந்துப் பட்டியலை நீங்களே எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.